டேப்பர் ஸ்பார் அறுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சொந்தமாகக் கட்டும் சிறு விமானத்தின் இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டம்தான் ஸ்பார். இறக்கையின் சுமையில் பெரும்பங்கு இதன் தலையில்தான். விமான உடம்போடு சேரும் இடத்தை அடி என்றும் இறக்கை முடியும் இடத்தை நுனி என்றும் இங்கே சொல்கிறோம். அடியில் தடித்து நுனியில் இளைக்கும் ஸ்பாரை, அதாவது டேப்பர் ஸ்பாரை, அறுக்கும்போதும் இழைக்கும்போதும் என்னென்ன தவறுகின்றன, ஏன், எதைச் சரிசெய்யலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்பதே விஷயம்.

எல்லாக் கணக்குக்கும் ஒரே எடுத்துக்காட்டு ஸ்பாரை வைத்துக்கொள்வோம். நீளம் 3600 மி.மீ. தடிமன் அடியில் 25, நுனியில் 16. உயரம் அடியிலிருந்து 1200 வரை 150. அங்கிருந்து கீழ் விளிம்பு மட்டும் சரிந்து நுனியில் 90. முன்முகமும் மேல் விளிம்பும் நேர்கோடு. இது எந்த விமானத்தின் வரைபடமும் அல்ல, கணக்குக்கு மட்டும். உங்கள் அளவை உங்கள் வடிவமைப்பாளரின் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும். பறக்கவிடுவதற்கான அனுமதி மத்திய அரசின் சிவில் விமான இயக்குநரகமான டிஜிசிஏ-வின் விவகாரம். அது தனிக் கதை.

இந்த ஸ்பாரின் தடிமன் மீட்டருக்கு 2.5 மி.மீ.தான் குறைகிறது. கோணமாகச் சொன்னால் 0.14 டிகிரி. எந்த டேபிள் சாவின் கோண அளவுகோலும் இதைக் காட்டாது. எனவே கோணம் வைத்து அறுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முன்முகத்தையும் மேல் விளிம்பையும் முதலில் நேராக்கி, அவற்றுக்கு மட்ட முகம், மட்ட விளிம்பு என்று பெயர் வைத்து, பென்சிலால் குறி போட்டு, கடைசி வரை வேறு எதற்காகவும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். எல்லா அளவும் அங்கிருந்துதான். அடியிலிருந்து 300 மி.மீ.க்கு ஒரு ஸ்டேஷன் கோடு: ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தடிமன் 0.75 குறையும், 1200-க்குப் பிறகு உயரம் 7.5 குறையும். கோடு போட மென்மையான பென்சில் போதும். கத்தி முனையால் கீறினால் அந்தக் கீறலே பின்னால் விரிசலுக்கு வழிவிடும்.

வட சென்னை சா மில்களில் பேச்சு இன்னும் அங்குலத்திலும் நூலிலும்தான். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். கதவு நிலைக்கு "ஒரு நூல் முன்னப்பின்ன" பரவாயில்லை. நம் ஸ்பாரில் நுனித் தடிமனில் ஒரு நூல் போனால் ஐந்தில் ஒரு பங்கு மரம் போயிற்று. மில்லில் கரடாக அறுக்க மட்டும் கொடுங்கள். உயரத்தில் 3 மி.மீ., தடிமனில் 1.5 மி.மீ. மிச்சம் வையுங்கள். மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

அறுக்கும்போதே பலகை ரம்பத்தைக் கவ்வுகிறது, அல்லது வாய் பிளந்து விலகுகிறது

மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் வெளியே வருகிறது. சூளையில் அவசரமாக உலர்த்திய மரத்திலும், சாய்ந்து வளர்ந்த மரத்திலும் இது இருக்கும். அடையாளம் எளிது: ரம்பம் நிற்பதற்குள் வளைந்துவிட்டால் இறுக்கம், இரண்டு மூன்று நாள் கழித்து வளைந்தால் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

ரம்பத்துக்குப் பின்னால் அறுத்த இடைவெளியில் சின்ன ஆப்பு வைத்துக்கொண்டே போனால் கவ்வாது. வளைந்த அளவைப் பாருங்கள். மட்ட விளிம்பில் நூல் கட்டிப் பார்க்கையில் 3600 நீளத்துக்கு விலகல் 2 மி.மீ.க்குள் இருந்து, மிச்சம் வைத்த 3 மி.மீ. கையில் இருந்தால், ஒரு வாரம் ஓய்வு கொடுத்து மட்ட விளிம்பை மறுபடி நேராக்கலாம். நூலைக் கிடைமட்டமாக, பலகைக்குப் பக்கவாட்டில் கட்டுங்கள். தொய்வு இருந்தாலும் அது கீழ்நோக்கித்தான் இருக்கும், உங்கள் அளவைக் கெடுக்காது. மீன்பிடி நைலான் நரம்பு இதற்கு அருமையானது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் ஓய்வுக்குப் பிறகும் அதே அளவு வளைகிறதென்றால் அந்தப் பலகையை ஸ்பாருக்கு வைக்காதீர்கள்.

வெட்டும் வரிசை இதில் முக்கியம். அதிக மரம் போவது உயரச் சரிவில். எனவே முதலில் உயரத்தைக் கரடாக அறுத்து, 7 முதல் 10 நாள் விட்டு, மட்ட முகத்தைத் திரும்ப நேராக்கி, அதன்பின் தடிமன். பிறகு மறுபடி ஓய்வு. கடைசி அரை மி.மீ. கை இழைப்புளியில். தடிமனை முதலில் முடித்துவிட்டு உயரத்தை அறுத்தால், வளைவை நேராக்க மரம் மிச்சம் இருக்காது.

சனிக்கிழமை சரியாக இருந்தது, புதன்கிழமை வளைந்திருக்கிறது, அளவும் மாறியிருக்கிறது

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரமாக வேலை செய்பவர்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக நிலைத்தால் மரத்துக்குள் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் நிற்கும். 65-ல் சுமார் 11.5. 80-ல் சுமார் 15. ஜூன் மாதம் காலையில் மேல்காற்று வறட்டி எடுக்கும். பிற்பகலில் கடற்காற்று புகுந்ததும் கதை மாறும். இந்த ஒரு நாள் ஏற்ற இறக்கம் மரத்தின் தோலோடு நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் நிற்கும் ஈரம் உள்ளே வரை இறங்கும்.

ஸிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். ஈரம் 4 சதவீதம் கூடினால், வளையக் கோடுகள் அகல முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும் பலகையில் 150 மி.மீ. உயரம் சுமார் 0.9 மி.மீ. கூடும். கோடுகள் அகல முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும் பலகையில் அதே உயரம் 1.5 மி.மீ. கூடும். செங்குத்து வளையப் பலகையின் 25 மி.மீ. தடிமன் கால் மி.மீ. கூடும். ஆக, வெர்னியரில் பத்தில் ஒரு மி.மீ. துல்லியம் தேடுவதற்கு முன்னால், எந்த ஈரத்தில் அளந்தீர்கள் என்பதை ஸ்டேஷன் அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத அளவு பாதி அளவு.

மர ஈரமானி இல்லையென்றால்: அறுத்த துண்டிலிருந்து 25 மி.மீ. நீளம் வெட்டி உடனே எடை பார்க்கவும். 103 டிகிரி அவனில் எடை குறைவது நிற்கும் வரை வைத்து மறுபடி எடை. குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரச் சதவீதம். 0.1 கிராம் காட்டும் தராசு போதும். துண்டைப் பலகையின் முனையிலிருந்து எடுக்காதீர்கள். முனை எப்போதும் முன்னதாகக் காயும். 300 மி.மீ. உள்ளே தள்ளி எடுத்தால்தான் உண்மை தெரியும்.

வளைவு எந்தப் பக்கம் குழிகிறது என்பதே காரணத்தைச் சொல்லும். இப்போது இழைத்த முகம் குழிந்திருந்தால், உள்ளே ஈரமாக இருந்த மரத்தைத் திறந்துவிட்டீர்கள். அது காய்ந்து சுருங்கி இழுக்கிறது. டேப்பர் ஸ்பாரில் ஒரு முகத்திலிருந்து மட்டும் 9 மி.மீ. வரை எடுப்பதால் இது சாதாரணப் பலகையைவிட மோசமாக வரும். மருந்து: இழைத்தவுடன் நாலு பக்கமும் காற்றுப்படும்படி ஒரே தடிமன் ரீப்பர் துண்டுகள்மேல், 400 மி.மீ. இடைவெளியில் படுக்க வையுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். மேல்முகம் மட்டும் காயும். சிமெண்ட் தரையில் படுக்கப்போட்டால் கீழ்முகம் ஈரம் உறிஞ்சும். சுவரில் சாய்த்து வைத்தால் தன் எடையிலேயே வளையும், முறுக்கும் ஏறும்.

மழை மாதங்களில் இறுதி அளவுக்கு இழைக்காமல் இருப்பதே உத்தமம். வேறு வழியில்லையென்றால் பலகையை பாலிதீன் கூடாரத்துக்குள் வைத்து, உள்ளே காற்றின் ஈரப்பதம் பார்த்து, 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, வெளியே எடுத்த அன்றே இழைத்து, உடனே திரும்ப உள்ளே வையுங்கள்.

ஸ்லெட்டின்மேல் நேர், எடுத்தால் வில்

தடிமன் டேப்பருக்குப் பெரும்பாலோர் பிளானர் மெஷினில் ஸ்லெட் வைத்து ஓட்டுகிறார்கள். இரண்டு 18 மி.மீ. பிளைவுட்டை ஒட்டிய 3900 நீளப் பலகை, அதன்மேல் உயரம் கொடுக்கும் சக்கைத் துண்டுகள், அதன்மேல் ஸ்பார், மட்ட முகம் கீழே பார்த்தபடி. நுனியை 9 மி.மீ. தூக்கினால் மெஷின் மேலே நேராகச் சீவும்போது நுனி 9 மி.மீ. இளைக்கும்.

லேசாக வளைந்திருந்த பலகையை கிளாம்ப் போட்டு அமுக்கி நேராக்கிச் சீவியிருக்கிறீர்கள். அவிழ்த்ததும் அது பழைய வடிவத்துக்குப் போய்விட்டது. தடிமன் எல்லா ஸ்டேஷனிலும் சரியாக இருக்கும், ஆனால் முழு ஸ்பாரும் வளைந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் காரணத்தில் சந்தேகமே வேண்டாம்.

பலகையை எதையும் அமுக்காமல் ஸ்லெட்டில் படுக்க வையுங்கள். எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே ஃபீலர் கேஜ் விட்டு அளந்து, அந்த அளவுக்குச் சக்கை கூடுதலாகக் கொடுத்து நிரப்புங்கள். கிளாம்ப் நகராமல் பிடிக்க மட்டும்தான், அதுவும் பின்னால் வெட்டிப்போடும் முனைப் பகுதியில்.

தடிமன் அலை அலையாக ஏறி இறங்குகிறது

அலையின் நீளத்தை அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். அலை இடைவெளியும் சக்கை இடைவெளியும் ஒன்றாக இருந்தால், சக்கைகளுக்கு நடுவில் பலகை ரோலர் அழுத்தத்தில் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் கத்தி குறைவாகச் சீவும். ரோலர் தாண்டியதும் பலகை நிமிரும். அங்கே தடிமன் கூடும். நுனிப்பக்கம் பலகை மெலிவதால் அலையும் அங்கேதான் பெரிதாக இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் ஒரு வசதி உண்டு. மீட்டருக்கு 2.5 என்றால் 400 மி.மீ.க்குச் சரியாக 1 மி.மீ. எனவே 400-ல் ஒரு சன்மைக்கா துண்டு, 800-ல் இரண்டு, 3600-ல் ஒன்பது. ஆனால் 400 இடைவெளி அலைக்கு இடம் கொடுக்கும். 200, 600, 1000 என்ற நடுப் புள்ளிகளில் முந்தைய புள்ளியின் அடுக்கோடு அரை மி.மீ. அலுமினியத் தகடு சேர்த்து இடைவெளியைப் பாதியாக்குங்கள். நுனியிலிருந்து கடைசி ஒரு மீட்டருக்கு 100-க்கு ஒன்று இருந்தாலும் தப்பில்லை. 1 மி.மீ. என்று விற்கும் சன்மைக்கா பல நேரம் 0.8 தான் இருக்கும். ஒன்பது துண்டு அடுக்கினால் 1.8 மி.மீ. காணாமல் போகும். ஒவ்வோர் அடுக்கையும் வெர்னியரில் அளந்து, அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

அலை 2, 3 மி.மீ. இடைவெளியில் சின்னச் சின்ன வரிகளாக இருந்தால் அது கத்தியின் சுற்றுக்கும் பலகை நகரும் வேகத்துக்கும் உள்ள கணக்கு. ஒரு கத்தி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கலாம். கை இழைப்புளியில் போய்விடும்.

ஒரே ஸ்டேஷனில் மேல் விளிம்புப் பக்கம் 19.0, கீழ் விளிம்புப் பக்கம் 19.6

இதைப் பார்க்கவே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு அளவு எடுக்கச் சொல்கிறோம், விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே. நடுவில் ஒரே அளவு எடுப்பவருக்கு இது கடைசி வரை தெரியாது.

மெஷினா, ஸ்லெட்டா? அதே அகலமுள்ள ஒரு வேண்டாத பலகையை ஸ்லெட் இல்லாமல் நேரடியாக ஓட்டுங்கள். அதிலும் அதே வித்தியாசம் வந்தால் கத்தி மேசைக்கு இணையாக இல்லை. வராவிட்டால் ஸ்லெட் முறுக்கியிருக்கிறது. முறுக்கு பார்க்க, 500 நீளமுள்ள இரண்டு நேர்ச்சட்டங்களை அடியிலும் நுனியிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டின் மேல்கோடும் இணையாகத் தெரிய வேண்டும். படகு கட்டும் தச்சர்களிடம் இந்தக் கண்பார்வை அபாரமாக இருக்கும். பழக்கமுள்ளவர் இருந்தால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மர ஈரம் பற்றி மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போகும் பலகைக்கும் நம்முடையதற்கும் தர்மம் வேறு.

இரு முனையிலும் பள்ளம்

பலகை ஒரு ரோலரில் மட்டும் இருக்கும் நேரத்தில் முனை எழும்பிக் கத்தியில் கூடுதலாகப் படுகிறது. இரு பக்கமும் 150 மி.மீ. அதிகம் வைத்து, கடைசியில் வெட்டிப்போடுங்கள். மெஷினுக்கு முன்னும் பின்னும் ஸ்டாண்ட் வையுங்கள்.

இழைக்கும்போது சிராய் பெயர்கிறது

இதை வெறும் மினுமினுப்புப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது. மரம் தன் நார் ஓட்டத்தைச் சொல்கிறது.

முதல் காரணம் சாதாரணமானது: திசை. டேப்பர் முகத்தில் நார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து முடிகின்றன, படிக்கட்டுபோல. அடியிலிருந்து நுனிக்கு இழைத்தால் படி இறங்குகிறோம். நுனியிலிருந்து அடிக்கு இழைத்தால் கத்தி ஒவ்வொரு படியிலும் முட்டி உள்ளே பாயும். எப்போதும் தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கு. பிளானர் மெஷினில் கத்தி சுழன்று வந்து பலகையின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் சீவுவதால் அங்கேயும் அடியை முதலில் உள்ளே விட வேண்டும்.

இப்படிச் செய்தும் பெயர்ந்தால், மரத்தின் சொந்த நார்ச்சாய்வு டேப்பரோடு எதிர்த்து நிற்கிறது. இங்கேதான் பலர் வலுவை இழக்கிறார்கள். அமெரிக்க விமானத்துறையின் ஏசி 43.13-1பி கையேடு ஸ்ப்ரூஸுக்கு அனுமதிக்கும் நார்ச்சாய்வு 15-க்கு 1 வரை. உங்கள் பலகை 20-க்கு 1 என்று இருந்தால் பலகையாக அது தேறியது. ஆனால் கீழ் விளிம்பை 40-க்கு 1 என்று சரிக்கிறீர்கள். நார்கள் நுனியை நோக்கிக் கீழே இறங்கினால், விளிம்பு மேலே ஏறுகிறது; இரண்டும் கூடும். 0.05-ஓடு 0.025 சேர்ந்து 0.075, அதாவது 13-க்கு 1. தேறிய பலகையை அறுத்தே தோற்க வைத்தாயிற்று.

அதே பலகையைத் திருப்பிப் போட்டால், அடியை நுனியாக்கினாலும் சரி, மேல் விளிம்பைக் கீழாக்கினாலும் சரி, நார்கள் நுனியை நோக்கி மேலே ஏறும், 0.05-இல் 0.025 கழிந்து 40-க்கு 1 ஆகிவிடும். பைசா செலவில்லை. ஆனால் முதல் கோடு போடுவதற்கு முன் செய்ய வேண்டும்.

கீழ் விளிம்பை இவ்வளவு கவனிப்பது ஏன்? பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. கீழ் விளிம்பு இழுபடுகிறது. நார்ச்சாய்வு அமுக்க வலுவை அதிகம் பாதிக்காது. 15-க்கு 1 வரை அமுக்கத்தில் இழப்பு இல்லை என்றே சொல்லலாம். வளைவு வலுவோ 20-க்கு 1 சாய்வில் 93 சதவீதம், 15-க்கு 1-ல் 89, 10-க்கு 1-ல் 81 என்று இறங்குகிறது.

சாய்வை அளக்க: செங்குத்து வளையப் பலகையின் அகல முகத்தில் வளையக் கோடுகளே தெரியும், 300 மி.மீ. தூரத்துக்கு ஒரு கோட்டைத் தொடர்ந்து, மட்ட விளிம்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று பாருங்கள். 15 மி.மீ. விலகினால் 20-க்கு 1. 20 விலகினால் 15-க்கு 1. இது பாதிதான். மரம் முறுக்கி வளர்ந்திருந்தால் அந்தச் சாய்வு குறுகிய விளிம்பில் இருக்கும், வளையக் கோடு அதைக் காட்டாது. அங்கே பிசின் கோடுகள் ஓடும் திசையைப் பாருங்கள், அல்லது பேனா மை ஒரு சொட்டு விட்டு அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். அறுத்த துண்டைக் கத்தி வைத்துத் தட்டிப் பிளப்பது எல்லாவற்றையும்விட நிச்சயம். பிளவு போன வழியே நார் போன வழி.

1200 ஸ்டேஷனில் ரம்பம் கோட்டைத் தாண்டிவிட்டது

சரிவு தொடங்கும் மூலையில் ஒரு மி.மீ. ஆழக் கீறல். பார்க்க ஒன்றுமில்லைபோல் இருக்கும். இழுவிசை படும் விளிம்பில் அது கத்தி வைத்த மாதிரி. புட்டி, தூள் கலந்த பசை எதையும் அடைக்காதீர்கள். அடைத்தால் மறையும், வலு வராது. உயரத்தில் மிச்சம் 3 மி.மீ. இன்னும் இருந்தால், கீறலின் அடி வரை முழு விளிம்பையும் இழைத்து எடுத்து விடுங்கள். மிச்சம் இல்லையென்றால் வடிவமைப்பாளரைக் கேட்காமல் மேலே போக முடியாது.

வராமல் தடுக்க, சரிவை நுனியிலிருந்து தொடங்கி 1200-க்கு 50 மி.மீ. முன்னாலேயே ரம்பத்தை நிறுத்திவிட்டு, மூலையைக் கை இழைப்புளியால் நீளமான வளைவாகக் கரைத்துவிடுங்கள். கூர்மையான மூலை வரைபடத்தில் இருக்கலாம், மரத்தில் வேண்டாம்.

இடது ஸ்பாரும் வலது ஸ்பாரும் ஒத்துப்போகவில்லை

தனித்தனியாக அறுத்திருப்பீர்கள். இரண்டு பலகையையும் மட்ட முகத்தோடு மட்ட முகம் சேர்த்து, கழிவு முனைகளில் மட்டும் ஸ்குரூ போட்டு, உயரத்தை ஒன்றாக அறுங்கள். அப்படிச் சேர்த்தால்தான் கண்ணாடிப் பிம்பமாக வரும். ஒரே பக்கம் பார்த்து அடுக்கினால் இரண்டு இடது ஸ்பார் கிடைக்கும். அது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டாதீர்கள், அதன் பிசுபிசுப்பு நாருக்குள் தங்கிப் பின்னால் பசையைக் கெடுக்கும்.

ரிப் ஏற மறுக்கிறது, அல்லது கடகடவென்று ஆடுகிறது

இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்தான் ரிப், ஸ்பாரில் கோத்து ஏற்றுவது. எல்லா ரிப்பும் ஒரே மாதிரி இறுகினால் ஈரத்தில் ஸ்பார் ஊதியிருக்கிறது. ஸ்பாரைச் சீவாதீர்கள், முதலில் ஈரம் பாருங்கள். நுனிப்பக்க ரிப்புகள் மட்டும் இறுகினால் டேப்பர் கணக்கு பிசகியிருக்கிறது. ஒன்றே ஒன்று இறுகினால் அந்த ரிப்பில்தான் தவறு.

இன்னொன்று உண்டு. இறக்கையின் மேல்தோல் வளைவாகப் போவதால் ஸ்பாரின் மேல் கீழ் விளிம்புகளைச் சாய்த்துச் சீவச் சொல்லும் வரைபடங்கள் இருக்கின்றன. உயரம் 150 என்பது முன்முகத்திலா, பின்முகத்திலா, நடுவிலா? 25 தடிமனில் 4 டிகிரி சாய்வு என்றால் இரு முகத்துக்கும் 1.7 மி.மீ. வித்தியாசம். கேட்டுவிட்டுச் சீவுங்கள்.

நாருக்குக் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கோடு

கைவிளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால்தான் தெரியும். மரம் நின்றபோது புயலிலோ, வெட்டி விழுந்தபோதோ, கப்பலில் இறக்கும்போதோ நார்கள் அமுங்கி நொறுங்கிய தடம் அது. அமுக்கத்தில் தாங்குவதுபோல நடிக்கும், இழுத்தால் கேரட் மாதிரி முறியும். சரிசெய்ய வழி கிடையாது. நீளமாகப் பிளக்காமல் குட்டையாக, சுத்தமாக முறியும் மரமும் அப்படித்தான். ஒவ்வொரு பலகையின் துண்டையும் முறித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்; நீளச் சிம்புகளோடு முறிந்தால் நிம்மதி.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பேக்கிங் பெட்டி பைன் மரம் மலிவாகக் கொட்டிக் கிடக்கிறது. அதில் "ஹெச்டி" (HT) என்று முத்திரை பார்த்து, பதப்படுத்திய உயர்தரம் என்று நம்புகிறவர்கள் உண்டு. பூச்சி சாக மரத்தைச் சூடேற்றினார்கள் என்பதுதான் அதன் பொருள். வலுவைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஸ்லெட் செய்ய, ரீப்பர் செய்ய, அறுத்துப் பழக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிய வலுவூட்டுப் பலகை நார் ஒட்டாமல் சுத்தமாக உரிகிறது

பசை மரத்தைப் பிடிக்கவே இல்லை. பெரும்பாலும் டேப்பர் முகம் பளபளவென்று தேய்ந்திருக்கும்: மழுங்கிய கத்தியில் ஓட்டியது, அல்லது உப்புத்தாள் போட்டது. மென்மரத்தில் ஒட்டும் முகத்துக்கு உப்புத்தாள் கூடாது. தூள் நார்த்துளையை அடைக்கும். புதிதாகத் தீட்டிய இழைப்புளியால் மெல்லிதாக ஒரு சீவல் எடுத்து, அன்றே ஒட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பரவினால் சரி, முத்தாக நின்றால் முகம் மூடிக்கிடக்கிறது.

மூடுவது எதுவாகவும் இருக்கலாம். இழைப்புளி வழுக்க அடியில் தடவிய மெழுகு அல்லது தேங்காய் எண்ணெய். பலகை நகர மேசையில் தூவிய கேரம் பவுடர். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அது இருப்பதால் கை தானாகப் போகும். மே மாதத்தில் நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வை. ஒட்டும் முகத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள்.

எபாக்ஸி என்றால் வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். 10 டிகிரி கூடினால் கலந்த பசை இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். 25 டிகிரிக்கு டப்பாவில் போட்ட நேரம் 35-ல் கிடைக்காது. அதிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒட்டுங்கள். மழைக்காலத்தில் காய்ந்த எபாக்ஸியின்மேல் மெழுகுபோல் படியும் படலத்தைத் தண்ணீரும் நார்த்துணியும் கொண்டு கழுவிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. மரச்சாமான் கடையின் வெள்ளைப் பசை ஸ்பாருக்கு ஆகாது: நீடித்த சுமையில் நகரும், சூட்டில் இளகும். ஒவ்வொரு கலவையிலும் இரண்டு துண்டு மரம் ஒட்டி, தேதி எழுதி, மறுநாள் உடைத்துப் பாருங்கள். மரம் கிழிய வேண்டும், பசைக்கோடு அல்ல.

போல்ட் ஒரு பக்கம் சரியாக நுழைந்து மறுபக்கத் தகட்டில் முட்டுகிறது

டேப்பர் முகம் கீழே பார்க்க டிரில் மேசையில் வைத்திருக்கிறீர்கள். 0.14 டிகிரிதான், ஆனால் ஸ்பாரும் வலுவூட்டலும் சேர்ந்த 50 மி.மீ. கனத்தில் அது 0.12 மி.மீ. ஆகிறது, ரீமர் (துளையைத் துல்லிய அளவாக்கும் கருவி) போட்ட நெருக்கமான துளைக்கு அது போதும். மட்ட முகம் கீழே, அதற்கு அடியில் கழிவுப் பலகை, அப்புறம் துளை. ஃபிட்டிங் (போல்ட் போடும் இணைப்புத் தகடு) உட்காரும் இடம் வரை தடிமனை நேராக விட்டு, அதன் பிறகே டேப்பரைத் தொடங்கும் வரைபடமாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அளவு குறைந்துவிட்டது

எங்கே, எந்தத் திசையில் என்பதைப் பொறுத்தது. வளைவு வலு தடிமனோடு நேராகவும் உயரத்தோடு இருமடியாகவும் போகும். 1200 ஸ்டேஷனில் உயரம் 1 மி.மீ. குறைந்தால் வலு 1.3 சதவீதம் குறையும். அதே இடத்தில் தடிமன் 22. அதில் 1 மி.மீ. போனால் 4.5 சதவீதம். நுனியில் தடிமன் 1 மி.மீ. போனால் 6 சதவீதத்துக்கு மேல், ஆனால் அங்கே சுமை குறைவு. இந்தக் கணக்கை ஸ்டேஷன் வாரியாக எழுதி வடிவமைப்பாளருக்கு அனுப்புங்கள். தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் அவர். விளிம்பில் மெல்லிய பட்டை ஒட்டி அளவைத் திரும்பக் கொண்டுவரும் வேலை மட்டும் வேண்டாம்.

தேறாது என்று முடிவானால் அந்த ஸ்பாரின் குறுக்கே சிவப்பு பெயிண்டால் கோடு போட்டு, அன்றே 600 நீளத் துண்டுகளாக அறுத்துவிடுங்கள். முழுசாக மூலையில் சாய்த்து வைத்தால் ஆறு மாதம் கழித்து யாராவது, பெரும்பாலும் நீங்களேதான், அதை நல்ல ஸ்பார் என்று எடுப்பீர்கள். துண்டுகள் பசைச் சோதனைக்கும் ஈரச் சோதனைக்கும் ஆகும்.